நாற்பத்தாறு பீப்பாய்களும் 'போலி' என்ற ஒரு சொல்லும்

2006-ம் வருடம் பனாமாவில் ஒரு விசித்திரமான நோய் பரவியது. சிறுநீர் நின்றுபோகும், கை கால் விழும், பிறகு மூச்சும் நிற்கும். டாக்டர்களுக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் குற்றவாளி பிடிபட்டது ஒரு இருமல் மருந்து பாட்டிலில். அதைத் தயாரித்தது ஏதோ பெட்டிக்கடை கம்பெனி அல்ல. பனாமா அரசாங்கமே தயாரித்துக் கொடுத்த மருந்து!

மருந்துக்கு இனிப்பும் கெட்டித்தன்மையும் தர கிளிசரின் சேர்ப்பார்கள். அந்த பாட்டிலில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம். இதுவும் இனிக்கும், விலை மட்டும் குறைவு. உள்ளே போனால் சிறுநீரகம் காலி. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள்.

அந்த ரசாயனம் வந்த வழிதான் கவனிக்க வேண்டியது. சீனாவில் ஒரு தொழிற்சாலை 'டிடி கிளிசரின்' என்று பெயர் போட்டு 46 பீப்பாய்களை விற்றது. 'டிடி' என்பது 'மாற்றுப்பொருள்' என்ற சீனச் சொல்லின் சுருக்கம். அதாவது 'கிளிசரின் மாதிரி'. பெய்ஜிங்கில் ஒரு ஏற்றுமதி நிறுவனம், பார்சிலோனாவில் ஒரு தரகர், பனாமாவில் ஒரு இறக்குமதியாளர் என்று சரக்கு கைமாறியது. கைமாறும்போது காகிதமும் மாறியது. தயாரித்தவர் பெயர் காணாமல் போய் இடைத்தரகர் பெயர் ஏறியது, 'டிடி' உதிர்ந்தது, காலாவதித் தேதி நீண்டது. மூன்று கண்டங்களில் ஒருவர்கூட ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதிக்கவில்லை.

சரி, தண்டனை? சீன மருந்துத் துறை சொன்னது: அது மருந்துத் தொழிற்சாலையே இல்லை, எங்கள் அதிகாரத்தில் வராது. 2007-ல் சீன அரசின் தரக்கட்டுப்பாட்டுத் துறை, பெயரை மாற்றிய பனாமா வியாபாரிகள்தான் முக்கியப் பொறுப்பு என்று கையைக் கழுவியது. பனாமா நீதிமன்றம் தன் ஊர் ஆட்களுக்குத் தண்டனை விதிக்க 2016 ஆனது. விஷத்தை ஊற்றியவர்கள் அந்தக் கூண்டில் ஏறவே இல்லை. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் அதனதன் எல்லைக்குள் நின்று 'என் பங்கு முடிந்தது' என்றது. பீப்பாய் எல்லை தாண்டலாம், சம்மன் தாண்டாது!

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: போலிகளுக்கு எதிராக உலக அளவில் சட்டம் இருக்கிறதே? இருக்கிறது. யாரைக் காப்பாற்ற என்பதுதான் கேள்வி. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 61-வது பிரிவு, வணிக அளவில் வேண்டுமென்றே டிரேட்மார்க்கைப் போலி செய்தால் கிரிமினல் தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. கைப்பைக்கும் அதே சட்டம், மாத்திரை அட்டைக்கும் அதே சட்டம். அட்டைக்குள் இருப்பது மருந்தா மாவா என்பது அந்தப் பிரிவின் கவலையே இல்லை.

அந்தக் கவலையில்லாத சட்டம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 2009 மே மாதம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் நடந்த கூத்து ஒன்றே போதும். இந்தியாவிலிருந்து வனுவாட்டு தீவுக்குப் போய்க்கொண்டிருந்த அமாக்சிசிலின் மாத்திரைகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. காரணம்? 'அமாக்சில்' என்ற பிராண்ட் பெயர் மாதிரி இருக்கிறதாம். அமாக்சிசிலின் என்பது அந்த மருந்தின் பொதுப்பெயர் ஐயா! உப்பு மூட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு கம்பெனி உப்பின் பெயரோடு ஒத்துப்போகிறது என்று சொல்வது போல. பிராண்டுக்குச் சொந்தக்காரரே 'எங்களுக்கு ஆட்சேபமில்லை' என்று சொன்ன பிறகுதான் சரக்கு நகர்ந்தது. வாரக்கணக்கில் தாமதம். அதற்கு முன்பு 2008 டிசம்பரில் பிரேசிலுக்குப் போன ரத்த அழுத்த மாத்திரையை நெதர்லாந்து பிடித்து, இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப வைத்தது. அந்த மருந்துக்கு இந்தியாவிலும் பேடன்ட் இல்லை, பிரேசிலிலும் இல்லை. வழியில் இருந்த நாட்டில் மட்டும் இருந்தது.

இந்தியாவும் பிரேசிலும் 2010-ல் இதை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டு போனதில் தப்பே இல்லை. கென்யாவில் 2008-ல் வந்த போலி ஒழிப்புச் சட்டத்தின் வரையறை ஜெனரிக் மருந்துகளையும் சேர்த்து விழுங்கும்படி இருந்தது. எச்.ஐ.வி.யோடு வாழும் மூன்று பேர் வழக்குப் போட, 2012 ஏப்ரலில் நைரோபி உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2017-ல் 'போலி' என்பதற்கு ஈடான பழைய ஆங்கிலச் சொல்லையே கைவிட்டு, 'தரங்குறைந்த', 'பொய்யாக்கப்பட்ட' என்று பிரித்துப் பேச ஆரம்பித்தது. ஒரு சொல்லுக்காக இத்தனை வருடச் சண்டையா என்று கேட்பவர்கள், அந்த மாத்திரைக்காகக் காத்திருந்த நோயாளியைக் கேட்கட்டும்.

ஆனால் இங்கேதான் இந்தியாவின் நியாயம் முடிந்து சாமர்த்தியம் தொடங்குகிறது.

2009-ல் நைஜீரியாவில் போலி மலேரியா மருந்து பிடிபட்டது. பெட்டியில் 'மேட் இன் இந்தியா', தயாரித்தது சீனாவில். இந்தியா கொதித்தது, சீனாவிடம் புகார் செய்தது. நியாயமான கொதிப்பு. 2022 அக்டோபரில் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்ததை ஒட்டி, ஹரியானாவின் மெய்டன் நிறுவனம் தயாரித்த நான்கு சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. மறுபடி அதே டைஎத்திலீன் கிளைக்கால். இந்த முறை வந்தது என்ன? இந்தியாவில் சோதித்த மாதிரிகளில் கலப்படம் இல்லை என்ற அறிவிப்பு. கூடவே 2022 டிசம்பரில், உங்கள் எச்சரிக்கையால் இந்திய மருந்துத் துறையின் பெயர் கெட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனத்துக்கே ஒரு கடிதம். பெயர்தான் கெட்டுப் போனதாம்!

ஒரு ஆய்வகம் இருக்கிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. இரண்டு முடிவுகளையும் ஒரே நீதிபதியின் மேசையில் வைக்க ஒரு வழி இருந்திருக்க வேண்டாமா? காம்பியாவில் அப்போது மருந்தைச் சோதிக்க ஒரு ஆய்வகம்கூடக் கிடையாது. வந்த காகிதத்தை நம்புவதைத் தவிர அந்த நாட்டுக்கு வேறு கதி இல்லை. அதே மெய்டன் நிறுவனத்தின் இரண்டு அதிகாரிகளுக்கு 2023 பிப்ரவரியில் சோனிபத் நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. காம்பியாவுக்காக அல்ல. வியட்நாமுக்குத் தரங்குறைந்த மருந்து அனுப்பிய, கிட்டத்தட்ட பத்து வருடப் பழைய வழக்குக்காக!

ஏற்றுமதியாகும் இருமல் மருந்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று 2023 ஜூன் முதல் இந்தியா விதித்தது. நல்லதுதான். உள்ளூரில் விற்பதற்கு? 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிப்' சிரப் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. தமிழக ஆய்வகத்தின் கணக்கில் அதிலிருந்த டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். கலப்படம் என்று சொல்லக்கூடக் கூசுகிறது, பாதி பாட்டிலே விஷம்.

ஒத்துழைத்தால் முடியும் என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தின் போலிகள் குவிந்தபோது 2005-ல் இன்டர்போல், உலக சுகாதார நிறுவனம், மருத்துவர்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் சேர்ந்து இறங்கினார்கள். 391 மாதிரிகளில் 195 போலி. மாத்திரைக்குள் ஒட்டியிருந்த மகரந்தத் துகளையும் தாதுப்பொருளையும் வைத்து, இது தென் சீனாவில் தயாரானது என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் தகவலை வைத்துச் சீனப் போலீஸ் 2006-ல் கைது செய்தது. பூவின் தூள் சாட்சி சொன்ன வழக்கு! ஆனால் அது நல்ல மனசு படைத்த சிலர் கூடியதால் நடந்தது. நல்ல மனசு இல்லாத இடத்திலும் நடக்க வேண்டுமென்றால் சட்டம் வேண்டும்.

அப்படி ஒன்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய கவுன்சிலின் மெடிகிரைம் உடன்படிக்கை 2011-ல் கையெழுத்துக்குத் திறந்து, 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம், ஆப்பிரிக்காவின் கினி முதல் சில நாடுகளிலேயே ஒன்றாகச் சேர்ந்தது. குற்றவாளியை ஒப்படைக்க இரு நாடுகளுக்குள் தனி ஒப்பந்தம் இல்லையென்றால், இதையே ஆதாரமாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. முக்கியமாக, அறிவுசார் சொத்துரிமை எங்கள் வேலை இல்லை என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஜெனரிக் மருந்துக்கு ஆபத்து என்ற இந்தியாவின் பழைய கவசம் இந்த உடன்படிக்கைக்கு முன் செல்லாது.

ஓட்டை இல்லாத சட்டமா? இல்லை. வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க வேண்டும், அஜாக்கிரதை இதில் மாட்டாது. பீப்பாயைச் சோதிக்காமல் ஊற்றியவர் 'தெரியாதே' என்று சொல்லித் தப்பலாம். அந்த ஓட்டையை அடைக்க உள்ளே உட்கார்ந்து பேச வேண்டும். உலகின் மருந்துக்கடை என்று மார்தட்டும் இந்தியா இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. காம்பியாவின் பெற்றோர்கள் 2023-ல் தங்கள் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பிரதிவாதி பட்டியலில் மெய்டன் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது.