நீதி கெடக்கட்டும், யானை முதல்ல தும்மட்டும்

"இந்தக் கதையில இருந்து என்ன தெரியுது?"

மூணு வயசுப் பிள்ளைகிட்ட கேக்கவே கூடாத கேள்வி ஒண்ணு உண்டுன்னா அது இதாங்க. ஆனா நம்ம ஊர்ல முக்காவாசிப் பேர் இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கிட்டுத்தான் பிள்ளைக்குப் புத்தகமே வாங்குறாங்க. தமுக்கத்துல புத்தகத் திருவிழா நடக்கும்போது குழந்தைகள் புத்தகக் கடை ஓரமா பத்து நிமிஷம் நின்னு பாருங்க. பிள்ளை ஒரு படப் புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுக் கெக்கெக்கேன்னு சிரிக்கும். அப்பா அதை வாங்கிப் புரட்டுவார். "பக்கத்துக்கு ரெண்டு வரிதான் இருக்கு, கருத்தும் ஒண்ணும் காணோம், இதுக்கா இம்புட்டுக் காசு?" புத்தகம் திரும்ப அடுக்குக்குப் போயிரும். பைக்குள்ள பஞ்சதந்திரமும் பொது அறிவும் ஏறும்.

பஞ்சதந்திரம் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா அது யாருக்குச் சொன்னது? படிப்பு ஏறாத ராஜகுமாரர்களுக்கு அரசியல் புரியவைக்க விஷ்ணுசர்மா சொன்னதுன்னு அந்த நூலே சொல்லுது. யாரை நம்பலாம், யாரைக் கவுக்கலாம்ங்கிற சமாச்சாரம். பால்வாடிப் பிள்ளைக்கு எதுக்குங்க ராஜதந்திரம்? :-)

அதுக்கு வேண்டியது 'கஜபதி குலபதி' மாதிரி ஒண்ணு. அசோக் ராஜகோபாலன் எழுதி, படமும் அவரே வரைஞ்சு, 2010ல சென்னை தூலிகா பதிப்பகம் போட்டது. பெரிய யானை, பெரிய ஜலதோஷம், பெரிய தும்மல். அம்புட்டுதான் கதை. தும்மல் வரப்போகுதுன்னு பிள்ளைக்குத் தெரியும். தெரிஞ்சும் பக்கத்தைத் திருப்புற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அந்தக் காத்திருப்புதாங்க வாசிப்போட அரிச்சுவடி. அடுத்து என்னன்னு ஊகிக்குது, சத்தம் வர்ற இடத்துல கூடச் சேந்து கத்துது. பத்தாவது தடவை ஒரு எழுத்தும் தெரியாமலே பக்கம் பக்கமா தானே 'வாசிக்குது'.

"இந்தக் கோமாளித்தனம் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு"ன்னு சொல்ற பெரியவங்களுக்கு ஒரு கேள்வி. தன் பேரையே மறந்துட்டு, கன்னுக்குட்டியில ஆரம்பிச்சு குதிரை வரைக்கும் விசாரிச்சுத் திரிஞ்ச ஈ எந்த நாட்டுச் சரக்கு? அத்திரிபாச்சா கொழுக்கட்டை? நம்ம அப்பத்தாக்கள் திண்ணையில சொன்ன கதைங்க. இதுல என்ன நீதி இருக்கு? ஒரு மண்ணும் இல்ல. அதனாலதான் இன்னமும் ஞாபகம் இருக்கு.

வெளிநாட்டுக்காரன் இதை விளையாட்டாவும் எடுத்துக்கல. அமெரிக்காவுல பிள்ளைக வாசிக்கத் திணறுதுன்னு கவலைப்பட்டு, பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகங்கள் சப்புன்னு இருக்குறதும் ஒரு காரணம்னு 1954ல ஜான் ஹெர்ஸி 'லைஃப்' பத்திரிகையில வெளுத்து வாங்கினார். அதுக்குப் பதிலா 1957ல டாக்டர் சூஸ் கொடுத்தது, தொப்பி போட்ட ஒரு அடாவடிப் பூனை. மொத்தமே 236 சொற்களை வச்சு எழுதினது. படிப்பு ஏறலைங்கிற பெரிய பிரச்சினைக்கு மருந்தா வந்தது ஒரு கிறுக்குப் புத்தகம்!

காசு பிரச்சினை நிஜம்தான், மறுக்கல. அதுக்குத்தான் புதுநத்தம் சாலையில கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. 2023 ஜூலையில திறந்தது, பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைகளை ஓசியில படிக்கலாம், அச்செடுத்தும் கொடுக்கலாம்.

புத்தகம்னாலே கடைசியில கேள்வி வரும்னு மூணு வயசுலயே ஒரு பிள்ளைக்குப் பதிஞ்சுபோச்சுன்னா, எட்டு வயசுல அது புத்தகத்தைக் கண்டு ஓடாம என்ன செய்யும்? நீதி எங்கயும் போயிறாது. பன்னெண்டு வருஷப் பள்ளிக்கூடம் அதைக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கு. நீங்க இன்னைக்கு ராத்திரி பிள்ளையை மடியில போட்டு ஒரு கிறுக்குப் புத்தகம் படிச்சுக் காட்டுங்க. தும்மல் வர்ற இடத்துல பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பானோன்னு யோசிக்காம சத்தமாத் தும்முங்க.

முடிஞ்சதும் "என்ன தெரிஞ்சுக்கிட்டே?"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க, புண்ணியமாப் போகும்.