நான்கு எண்கள், மூன்று சொற்கள்



2006-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இது. எம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் தொலைவிலுள்ள நகரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தந்தை அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாலையில் நலமாக வீடு திரும்பினார். அவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. "மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சாமி" என்று தாயார் கேட்டுக்கொண்டார். நானும் கைபேசியை எடுத்து, "அப்பா இஸ் ஹோம்" என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். பிறகு கைபேசியை அணைத்துவிட்டுக் கிளைக்கிராமம் ஒன்றிற்குப் புறப்பட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்துடன் பேருந்திலிருந்து இறங்கி வீட்டிற்கு ஓடினாள். தந்தையோ திண்ணையில் அமர்ந்து கஞ்சி அருந்திக்கொண்டிருந்தார்! அவளுக்குக் கிடைத்த செய்தி, "அப்பா இஸ் கான்" என்பது. அதாவது, அப்பா போய்விட்டார்.

இப்பிழை நேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். அக்காலக் கைபேசியில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் 2 முதல் 9 வரையுள்ள எட்டுப் பொத்தான்களில் அடங்கியிருந்தன. மூன்று அல்லது நான்கு எழுத்துகளுக்கு ஒரு பொத்தான். நினைத்த எழுத்து வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். 'ஹோம்' என்னும் நான்கெழுத்துச் சொல்லுக்கு எட்டு அழுத்தங்கள் ஆகும்.

இத்தொல்லையை நீக்க வந்ததே 'டி9' என்னும் முறை. எழுத்துக்கு ஒரு முறை அழுத்தினால் போதும். கைபேசி தன்னுள் இருக்கும் அகராதியைப் பார்த்து, எந்தச் சொல்லாக இருக்கலாம் என்று ஊகித்துக்கொள்ளும். ஆனால் 4, 6, 6, 3 என்ற அதே வரிசையில் 'ஹோம்' வரும், 'குட்' வரும், 'கான்' என்பதும் வரும். வீடு, நன்மை, மறைவு ஆகிய மூன்றிற்கும் ஒரே நான்கு எண்கள்! வேண்டிய சொல் வராவிடில் வேறொரு பொத்தானை அழுத்தி அடுத்த சொல்லைப் பெறலாம். நான் அதனை ஒரு முறை கூடுதலாக அழுத்திவிட்டேன், திரையைப் பார்க்கவில்லை. 'அப்பா' என்ற சொல் அந்த அகராதியில் இல்லாததால் அதை எழுத்தெழுத்தாகக் கவனத்துடன் அமைத்தேன். பாடுபட்டு எழுதிய சொல் பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது; எளிதாகக் கிடைத்த சொல்லே தவறியது.

இம்முறையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதை உருவாக்கிய மார்ட்டின் கிங், கிளிப் குஷ்லர் ஆகியோர், கைகளைப் பயன்படுத்த இயலாதோர் கண்ணசைவினால் எழுதுவதற்கு வழி தேடியவர்கள். கண் சுட்டக்கூடிய திசைகள் சிலவே. ஆதலால் எழுத்துகளைச் சில தொகுதிகளாகச் சேர்த்து, சொல்லை ஊகிக்கும் வேலையைப் பொறியிடம் விட்டனர். ஊனமுற்றோருக்கான அத்தேடலே பின்னர்க் கோடிக்கணக்கானோரின் கைபேசிக்குள் நுழைந்தது. 2004-இல் வெளிவந்த பிளாக்பெர்ரி 7100 கைபேசியிலும் பெரும்பாலான பொத்தான்களில் இவ்விரண்டு எழுத்துகள் அமைந்து, இதே போன்ற ஊகமே துணைநின்றது.

ஒரு குறிக்குள் இரண்டு ஒலிகள் என்பது தமிழருக்குப் புதிதன்று. நம் முன்னோர் ஓலையில் எழுதுகையில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறிலைக் காட்டும் புள்ளி இல்லாதபோது எகரமும் ஏகாரமும் ஒரே வடிவமாகும். 'எரி' என்றாலும் 'ஏரி' என்றாலும் எழுத்து ஒன்றே! நெருப்பா நீரா என்பதை வாசிப்பவரே இடமறிந்து தெளிய வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி வடிவம் தந்தார் என்பதை நாம் அறிவோம். எழுதுகிறவன் கூடுதலாக ஒரு கோடோ சுழியோ இட்டால் படிக்கிறவனின் ஐயம் நீங்குகிறது. எழுதுபவனின் சிக்கனம் பல வேளைகளில் படிப்பவனின் சுமையாகிவிடுகிறது.

பொத்தான் கைபேசிகள் இன்று அருகிவிட்டன. ஆயினும் கண்ணாடித் திரையில் நம் விரல் சற்றுத் தவறினாலும் பொறி இன்றும் ஊகித்தே சொல்லைத் திருத்துகிறது. பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது. அதனாலேயே நாம் கவனம் இழக்கிறோம். எந்தச் சொல் மிகுதியாக வழங்குகிறது என்பது அதற்குத் தெரியும். அன்றிரவு ஒரு மகள் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள் என்பது அதற்குத் தெரியாது. அது எனக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆகவே, நோய், விபத்து, பயணம், பணம் ஆகியவை பற்றிய செய்தியை அனுப்புமுன் ஒரு முறை படித்துவிடுங்கள். இயலுமானால் ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "அப்பா வீட்டிற்கு வந்துவிட்டார், இரவு கஞ்சி குடித்தார்" என்று எழுதியிருந்தால் எந்தப் பிழையும் அதன் பொருளைக் கெடுத்திராது.

அந்தப் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கைபேசியை நீட்டி அச்செய்தியைக் காட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஒரு தரம் படித்துவிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா, சாமி?"

அன்றுமுதல் படித்துவிட்டே அனுப்புகிறேன்.