சிபில் நற்சான்றிதழ் அல்ல

மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், எங்கே வேலை பார்க்கிறார் என்ற கேள்விகளோடு “சிபில் எவ்வளவு?” என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துகொண்டது. மகாராஷ்டிரத்தின் மூர்த்திஜாபூரில் ஏறக்குறைய முடிவாகிவிட்ட ஒரு திருமணப் பேச்சு, பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளையின் சிபில் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் முறிந்துபோனதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தேர்வில் தேறி நியமன ஆணையும் பெற்ற ஓர் இளைஞரின் வேலையை, சிபில் அறிக்கை சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்திருந்தது. வாங்கிய கடன்களையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதிட்டார். ரத்து செய்தது செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டு சம்பவங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. கடனைக் கட்டிய வரலாற்றை வைத்துத் தரப்படும் சிபில் ஸ்கோர் 750க்கு மேல் இருந்தால் ஆள் யோக்கியம், 600க்குக் கீழே போனால் ஏமாற்றுப் பேர்வழி என்ற நம்பிக்கை. நன்றாகச் சம்பாதிப்பவருக்கு ஸ்கோர் தானாகவே உயரும், கடனே வாங்காதவருக்கு அது உச்சத்தில் இருக்கும் என்ற எண்ணங்கள் இதன் கிளைகள். இது தவறான நம்பிக்கை. தவறாக இருப்பதோடு நிற்காமல், எளிய மக்களுக்கு நேரடியாகத் தீங்கும் செய்கிறது.

முதலில் அந்த அறிக்கையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாம். மேலே பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரிகள், தொலைபேசி எண்கள். அடுத்து ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பகுதி: என்ன வகைக் கடன், எப்போது வாங்கியது, எவ்வளவு, இன்று பாக்கி எவ்வளவு. அதன் கீழே மாதத்துக்கு ஒன்றாக, முப்பத்தாறு மாதங்கள் வரை சின்னச் சின்னக் கட்டங்கள். ட்யூ தேதி தாண்டி எத்தனை நாள் ஆனது என்பதைக் கட்டத்தில் இருக்கும் எண் சொல்லும். 000 என்றால் தாமதமே இல்லை. 030 என்றால் முப்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது. கடைசியில், எந்தெந்த வங்கி எந்தத் தேதியில் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கியது என்ற பட்டியல். ஏன் தள்ளிப்போனது என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. ஆஸ்பத்திரிச் செலவா, ஆட்குறைப்பில் வேலை போனதா, வேண்டுமென்றே கட்டாமல் விட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான்.

சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணமோ, வைப்புத்தொகையோ, மியூச்சுவல் ஃபண்டோ இதில் வராது. சம்பளம் உயர்ந்தால் ஸ்கோர் உயராது. ஐந்து லட்சம் வாங்குகிற மருத்துவர் கிரெடிட் கார்டு ட்யூவை இரண்டு மாதம் மறந்தால் அவருடைய ஸ்கோர் இறங்கும். பதினெட்டாயிரம் வாங்குகிற காவலாளி டூவீலர் கடனைத் தேதி தவறாமல் கட்டினால் அவருடைய ஸ்கோர் ஏறும்.

கடனே வாங்காதவரின் நிலை இன்னும் விசித்திரமானது. ஸ்கோர் 300இல் தொடங்கி 900இல் முடிகிறது. இவரோ அந்த வரிசையிலேயே இல்லை. கடன் வரலாறு இல்லை என்ற குறிப்புதான் அவர் பெயருக்கு எதிரே இருக்கும். தமிழ்நாட்டில் இப்படி இருப்பவர்கள் பணம் புழங்காதவர்கள் அல்லர். தெருவில் பிடிக்கும் ஏலச்சீட்டுக்கு இருபது வருடமாக ஒரு தவணை பிசகாமல் கட்டியவர், தண்டல்காரருக்கு நாள் தவறாமல் கொடுத்த பூக்காரம்மா, சேட்டுக் கடையில் வைத்த நகையை வட்டியோடு மீட்ட குடும்பம், கைமாத்து வாங்கிச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தவர் என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களுடைய ஒழுங்கில் ஒரு வரிகூட அந்த அறிக்கையில் ஏறுவதில்லை. வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்பும் தகவலைத் தவிர வேறெதையும் அது அறியாது. 2025 ஆகஸ்டில் நிதித்துறை இணை அமைச்சர் பங்கஜ் சௌத்ரி நாடாளுமன்றத்தில் இதைத் தெளிவுபடுத்தினார்: முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் வங்கி தள்ளக் கூடாது, குறைந்தபட்ச ஸ்கோர் என்று ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கவுமில்லை. 700, 750 என்று பேசப்படுவதெல்லாம் அந்தந்த வங்கி தனக்காக வகுத்துக்கொண்ட கோடு.

இது குணத்தை அளக்கும் எண் அல்ல என்பதற்கு 2020ஐவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கொரோனா முடக்கத்தின்போது மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. சலுகை பெற்றவர்கள் கட்டாமல் விட்ட தவணையைத் தாமதமாகப் பதியக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஆறு மாதங்களில் ட்யூ கட்டாதவர் அறிக்கையில் கறை இல்லை. அதே மனிதர் 2019இல் வேலை இழந்து மூன்று மாதம் கட்டாமல் விட்டிருந்தால் கறை உண்டு. ஆள் அவரேதான், கஷ்டமும் அதேதான், விதி மட்டும் மாறியிருக்கிறது. விதி மாறினால் மாறிவிடும் ஒன்றை வைத்து ஒருவருடைய யோக்கியதையை எடைபோட முடியுமா?

அடுத்தவர் செய்ததும் அறிக்கையில் ஏறும். மச்சானின் லாரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் அறிக்கையில் அந்தக் கடன் ‘ஜாமீன்தாரர்’ என்ற குறிப்போடு நிற்கும். மச்சான் நிறுத்தினால் இவர் ஸ்கோர் இறங்கும். மகனின் கல்விக்கடனில் கூட்டாகக் கையெழுத்திட்ட அப்பாவுக்கும் இதே கதைதான். கையெழுத்தே போடாதவர்களும் தப்புவதில்லை. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனி, தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் எடுத்துத் தன் ஸ்கோரைக் கெடுத்துவிட்டதாகச் சமூக வலைதளத்தில் புகார் சொன்னார். அவர் புகழ்பெற்றவர் என்பதால் விஷயம் வெளியே வந்தது, சரியும் செய்யப்பட்டது. இதே மோசடிக்கு ஆளான சாதாரண மனிதர், வீட்டுக்கடன் மறுக்கப்படும் நாள்வரை ஒன்றும் அறியாமல் இருப்பார்.

தமிழர்களுக்குத் தலைப்பெழுத்தால் ஒரு கூடுதல் தொல்லை. ஆதாரில் ‘எஸ். முருகன்’, பான் அட்டையில் ‘முருகன் சுப்பிரமணியன்’, பழைய வங்கிக் கணக்கில் வெறும் ‘முருகன்’. பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, தொலைபேசி ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான் ஒரு கடன் யாருடையது என்று சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. இதில் ஒன்றிரண்டு பிசகினால் வேறொரு முருகனின் கடன் இவர் கணக்கில் சேரவும், இவர் ஒழுங்காகக் கட்டியது சேராமல் போகவும் வழி இருக்கிறது.

நம்பிக்கையின் தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. அறிக்கையை நற்சான்றிதழ் என்று நினைப்பவர் அதைத் திறக்கவே கூச்சப்படுகிறார். வங்கி மேலாளர் “சிபில் சரியில்லை சார்” என்றதும், தன்னிடம்தான் குறை என்று தலைகுனிந்து எழுந்து வருகிறார். எந்தக் கடன், எந்த மாதம் என்று கேட்பதில்லை. தானே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்ற வதந்தி வேறு அவரைத் தடுக்கிறது. தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி கேட்டு வாங்குவதுதான் பதிவாகும். ஒரு வங்கி மறுத்ததும் பதற்றத்தில் ஒரே வாரத்தில் ஐந்து செயலிகளில் விண்ணப்பிப்பவர், இந்தப் பதிவுகளைத் தானே பெருக்கிக்கொள்கிறார்.

இந்தக் கூச்சத்தை வைத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘சிபில் ஏற்றித் தரப்படும்’ என்று கைபேசி எண்ணோடு விளம்பரம் செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வது, யாரும் பைசா செலவில்லாமல் இணையத்தில் போடக்கூடிய ஒரு புகாரைத்தான். உண்மையாகவே தாமதமான தவணையை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது. வசூலுக்கு வருபவர் “பாதியைக் கட்டுங்க, செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்” என்கிறார். மானம் போகிறதே என்று கடன் வாங்கிக் கட்டுபவருக்கு, அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முடிந்தது’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றே வரும் என்று யாரும் சொல்வதில்லை. பாக்கியை விட்டுக்கொடுத்து முடித்தோம் என்பது அதன் பொருள். அடுத்த வங்கிக்கு அது எச்சரிக்கை, ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

பொதுமக்களின் வைப்புப் பணத்தைக் கடனாகக் கொடுக்கும் வங்கி, வாங்குபவரின் பழைய பழக்கத்தைப் பார்க்காமல் எப்படிக் கொடுக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்க்கட்டும், அதற்காகத்தான் 2000இல் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது, 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. கடன் கொடுப்பதற்கு முன் பார்க்கும் பல தாள்களில் ஒன்றாக அது இருப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதையே வேலைக்குத் தகுதியாகவும் கல்யாணத்துக்குப் பொருத்தமாகவும் கல்விக்கு அனுமதிச் சீட்டாகவும் ஆக்குவதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது. பொதுப் பணத்தைக் கையாளும் வேலைக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் அக்கறையை மதிக்கலாம். ஆனால் கடனில் விழுந்த குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வர வேலைதான் வழி. பழைய கடனைக் காட்டி அந்த வேலையைப் பறித்தால் புதிய ட்யூவை அவர் எதை வைத்துக் கட்டுவார்?

கேரள உயர் நீதிமன்றம் 2023இல் எடுத்த நிலைப்பாடு இதைவிட மனிதத்தன்மை உள்ளது. பழைய கடன் பாக்கிகளால் ஸ்கோர் குறைந்துபோன ஒரு மாணவருக்கு வங்கி கல்விக்கடன் மறுத்தபோது, ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் சொன்னார். மாணவர்கள் நாளைய தேசத்தைக் கட்டுபவர்கள், விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். தமிழ்நாட்டின் வங்கிக் கிளைகளில் கல்விக்கடன் விண்ணப்பத்தோடு நிற்கும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

தெரிந்துவைத்திருக்க வேண்டிய உரிமைகளும் உண்டு. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இருமுறையாவது தகவலைப் புதுப்பிக்க வேண்டும். கடனை அடைத்த பிறகும் மாதக்கணக்கில் பாக்கி என்று காட்டினால் அது வங்கியின் குற்றம். தவறு இருப்பதாகப் புகார் கொடுத்து முப்பது நாளில் தீரவில்லையென்றால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் புகார் கொடுத்தவருக்கு 100 ரூபாய் இழப்பீடு சேர வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி ஆணை. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன.

ஆகவே “சிபில் சரியில்லை” என்ற பதிலோடு எந்த விண்ணப்பதாரரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடக் கூடாது. நான்கில் எந்த நிறுவனத்தின் அறிக்கை, அதில் எந்தக் கணக்கு, எந்த மாதத்துக் கட்டம் என்று அங்கேயே கேட்க வேண்டும். வங்கி எந்த அறிக்கையைப் பார்த்ததோ அதன் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அந்த நகலைக் கேட்கும் உரிமையைக் கடனுக்கு விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது.