நன்றி கெட்டவர் யார்?

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்று ஏழைகளைத் தூற்றுவது செல்வரைப் புகழ்வோர்க்கு எளிதாக வரும் வசைமொழியாகும். அமெரிக்கக் கைத்தொழிலின் பெருமையைப் பேசப் புகுந்தோருட் சிலர் இவ்வசையை 1894-ஆம் ஆண்டின் புல்மன் தொழிலாளர்மீது சுமத்துகின்றனர். "முதலாளி அவர்களுக்குச் செங்கல் வீடு தந்தார், குழாய்த் தண்ணீரும் வாயு விளக்கும் தந்தார், நூல்நிலையமும் நாடக சாலையும் தந்தார், அவர்களோ வேலைநிறுத்தஞ் செய்து நாட்டின் இரயில்களையே நிறுத்திவிட்டனர்" என்பது இவர்தம் வாதம். அந்தத் 'தந்தார்' என்னும் சொல்லைச் சற்றே உரைத்துப் பார்ப்போம்.

அந்நாட்டின் வளர்ச்சி பொய்யென்று யாரும் சொல்லார். உள்நாட்டுப் போருக்கு முன், 1860-இல், அங்கே சுமார் 30,000 மைல் இருப்புப்பாதையே இருந்தது. 1900-இல் அது 190,000 மைலைத் தாண்டிற்று. நிலக்கரியும் எஃகும் நீராவியும் கூடி ஓர் உழவர் நாட்டை உலகின் முதற் கைத்தொழில் நாடாக்கின. இத்துணை நீண்ட பாதைகளில் இரவெல்லாம் பயணஞ் செய்வோர்க்குப் படுக்கை வண்டி வேண்டுமன்றோ? அவ்வண்டிகளைச் செய்து, இரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் பேசித் தாமே அவற்றை நடத்திப் பெருஞ்செல்வரானவர் ஜார்ஜ் புல்மன்.

அவர் 1880-இல் சிக்காகோவுக்குத் தெற்கே கலுமெட் ஏரியருகில் சுமார் 4,000 ஏக்கர் நிலம் வாங்கித் தம் பெயராலேயே ஒரு நகரம் எழுப்பினார். ஊர் அழகியதே. சிக்காகோவின் சேரிகளில் நோயும் நாற்றமும் சூழ வாழ்ந்தவன் அங்கே வந்து மூச்சு விட்டிருப்பான்; இதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் அவ்வூரில் ஒரு செங்கல்லைக்கூடத் தொழிலாளி விலைக்கு வாங்க முடியாது. வீடு கம்பெனிக்குச் சொந்தம். கடைத்தெரு கம்பெனிக்குச் சொந்தம். கோயிலும் கம்பெனிக்குச் சொந்தம். பத்து நாள் அறிவிப்புக் கொடுத்தால் குடியிருப்போன் வெளியேற வேண்டும். வேலை போனால் கூரையும் போகும். தோட்டத்து லயத்தில் குடியிருந்த எவருக்கும் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவை தருமத்துக்காக எழுந்தனவா? அன்று. நகரத்தில் இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஆறு விழுக்காடு வருவாய் வரவேண்டும் என்பதே புல்மனின் கணக்கு. நூல்நிலையத்தில் நூல் எடுக்க ஆண்டுக்கு மூன்று டாலர் கட்டணம். கோயிலுக்குக் கேட்ட வாடகை மிகுதியாக இருந்தமையால் எச்சபையாரும் முன்வராது அது சில ஆண்டு பூட்டியே கிடந்தது. கடவுளும் வாடகை தந்தால்தான் உள்ளே குடியேறலாம் போலும்! மதுக்கடை இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்வர். மதுவிலக்கை யாமும் விரும்புவோமே. ஆனால் முதலாளியின் மகள் பிளாரன்ஸின் பெயர் சூட்டிய விடுதியில் விருந்தினர்க்கு மட்டும் மது உண்டு. ஏழைக்கு விலக்கும் செல்வர்க்குக் கிண்ணமும் வைப்பதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிட எமக்கு நா எழவில்லை.

1893-இல் பெரும் பணமுடை வந்தது. புல்மன் கம்பெனி கூலியைச் சராசரி நாலில் ஒரு பங்கு குறைத்தது. வீட்டு வாடகையில் ஒரு சென்டும் குறைக்கவில்லை. அதே காலத்தில் பங்குதாரர்க்கு நூற்றுக்கு எட்டு விழுக்காடு இலாபப் பங்கு குறைவின்றி வழங்கப்பட்டது. பின்னர் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு, அவ்வூர் வாடகை அண்டையிலுள்ள ஒத்த வீடுகளின் வாடகையைவிட நூற்றுக்கு 20 முதல் 25 வரை அதிகம் என்று கண்டறிந்தது. வாடகை கழிந்தபின் இரண்டு வாரக் கூலியில் சில சென்டுகளே கையில் மிஞ்சிய குடும்பங்கள் இருந்தன. கம்பெனியார் கூறிய மறுமொழியோ, கூலி கொடுப்பது ஒரு தொழில், வீடு வாடகைக்கு விடுவது வேறொரு தொழில், ஒன்றற்கொன்று தொடர்பில்லை என்பது! வலக்கை கொடுத்ததை இடக்கை வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே உடம்பிலுள்ள கைகளல்ல என்று நாம் நம்பவேண்டுமாம்.

தொழிலாளர் முதலில் வேலைநிறுத்தஞ் செய்யவில்லை. முறையிடவே சென்றனர். சென்ற குழுவினருள் மூவர் வேலையினின்று நீக்கப்பட்டனர். அதன் பின்னரே, 1894 மே 11-இல், வேலை நின்றது. மத்தியஸ்தம் செய்துகொள்ளலாம் என்று பிறர் கேட்டபோதும் புல்மன் இணங்கவில்லை. யூஜீன் டெப்ஸ் தலைமையில் 1893-இல் தோன்றிய அமெரிக்க இரயில்வேச் சங்கம், ஜூன் 26 முதல் புல்மன் வண்டி பூட்டிய எந்த இரயிலையும் தொடோம் என்று அறிவித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கைகட்டி நின்றனர். சிக்காகோவிலிருந்து மேற்கே போக்குவரத்து முடங்கிற்று.

அப்போது அரசாங்கம் யார்பக்கம் நின்றது? அட்டர்னி ஜெனரல் ரிச்சர்டு ஓல்னி முன்னாளில் இரயில் கம்பெனிகளின் வழக்கறிஞர். தபாலுக்கும் வாணிகத்துக்கும் இடையூறு என்று கூறி ஜூலை 2-இல் நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றனர். பெரு முதலாளிகளின் கூட்டுக் கொள்ளையை அடக்க 1890-இல் இயற்றிய ஷெர்மன் சட்டம், இங்கே தொழிலாளர் சங்கத்தின் கழுத்தில் விழுந்தது! இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்டு வேண்டாமென்று எதிர்த்தும், ஜனாதிபதி கிளீவ்லாந்து பட்டாளத்தை அனுப்பினார். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். டெப்ஸ் நீதிமன்ற அவமதிப்புக்கென்று ஆறு திங்கள் சிறை சென்றார். இதே ஜனாதிபதிதான் ஜூன் 28-இல் தொழிலாளர் திருநாளை நாட்டு விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். விடுமுறை ஒரு கையெழுத்தில் கிடைத்தது. நியாயக் கூலி கிடைக்கவில்லை.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லவேண்டும். சொல்லாதுவிடின் இக்கட்டுரை எழுதுவதற்கு எமக்கு உரிமையில்லை. அதே புல்மன் வண்டிகளில் படுக்கை விரித்து, காலணி துடைத்து, பயணிகள் எறியும் சில்லறையை நம்பி வாழ்ந்த ஏவலர் கறுப்பு மக்கள். அடிமைத் தளையினின்று விடுபட்டோரும் அவர்தம் மக்களும். அவர்களைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்ற கேள்வி 1894 மாநாட்டில் எழுந்தது. டெப்ஸ் சேர்க்கவேண்டும் என்றே வாதிட்டார். ஆனால் 112-க்கு 100 என்ற வாக்கில் கதவு அடைக்கப்பட்டது. பன்னிரண்டு வாக்கு! முதலாளியின் ஆணவத்தை எதிர்க்கக் கிளம்பியோர் தோலின் நிறத்துக்கு முன் தாமே சிறு முதலாளிகளாயினர். வண்டிக்குள்ளே நின்றவனை வெளியே நிறுத்திவிட்டு வண்டியை நிறுத்த முயன்றனர். அவ்வேவலர் தமக்கென 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கண்டு, 1937-இல் அதே கம்பெனியை ஒப்பந்தத்துக்குப் பணியவைத்தனர். அவர்களால் ஆகாதது எதுவுமில்லை என்பதற்கு இனியும் சான்று வேண்டுமா? வெள்ளைத் தொழிலாளர் தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று யாம் கூறவில்லை. பட்டாளமும் நீதிமன்றமும் பெரிய காரணங்கள். ஆனால் இது அவர்கள் தாமே விரும்பித் தேடிக்கொண்ட காரணம்.

சிக்காகோவில் ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார் புல்மனை ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுக்கு ஒப்பிட்டு எழுதினார். அக்கட்டுரை 1912-இல்தான் அச்சேறிற்று. கொடுத்ததற்கு நன்றியை எதிர்நோக்கி, அது கிடையாதபோது சினந்த தந்தை என்பது ஒப்புமை. அம்மையார் மீது எமக்கு மதிப்புண்டு; எனினும் உவமை முதலாளிக்குச் சற்றே தாராளமாக அமைந்துவிட்டது. லியர் தன் நாட்டையே பங்கிட்டுக் கொடுத்தான். புல்மன் எதனைக் கொடுத்தார்?

புல்மன் 1897-இல் இறந்தார். சினங்கொண்ட தொழிலாளர் கல்லறையைத் தோண்டிவிடுவர் என்று அஞ்சி, பெட்டியின்மீது காங்கிரீட்டும் எஃகுத் தண்டவாளங்களும் இட்டுப் புதைத்தனர். மறுவருடம் இல்லினாய் உச்ச நீதிமன்றம், வண்டி செய்யப் பட்டயம் பெற்ற கம்பெனிக்கு ஓர் ஊரை உடைமையாக வைத்திருக்க உரிமையில்லை என்று தீர்த்து, தொழிலுக்கு வேண்டாதவற்றை விற்றுவிடும்படி ஆணையிட்டது. அவ்வாறே வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. அவற்றுட் பல இன்றும் நிற்கின்றன. 2015-இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது.