தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்

2016 செப்டெம்பரில் ஓரிரவு கிளிநொச்சி பொதுச்சந்தை எரிந்தது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாம்களில் இருந்து திரும்பி, கடன்பட்டுக் கடை போட்டவர்களின் முதல் அந்த ஓரிரவில் சாம்பலானது. அப்போது கிளிநொச்சி மாவட்டத்துக்கென்று ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. ஏறத்தாழ 65 கிலோமீற்றருக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. தீ அதுவரை காத்திருக்காது.

அதன் பின்னரே கரைச்சி பிரதேச சபையின் கீழ் அங்கு தீயணைப்புப் பிரிவு ஒன்று அமைந்தது. எரிந்த பிறகு வண்டி வாங்குவது நாடு முழுவதற்கும் பொதுவான பழக்கம்தான். ஆனால் வடக்கில் இதை வெறும் நிர்வாகக் குறைபாடாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியாது.

இலங்கையில் தீயணைப்பு அடிப்படையில் உள்ளூராட்சி மன்றங்களின் பணி. மன்றத்திடம் வருமானம் இருந்தால் வண்டியும் ஆளணியும் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. கொழும்பு மாநகரசபைக்கும் வன்னியில் உள்ள ஒரு பிரதேச சபைக்கும் பணி ஒன்றாக இருக்கலாம், கைப்பணம் ஒன்றல்ல. வட மாகாணத்தில் 34 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. தீயணைப்புப் பிரிவு வைத்திருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் தீப்பிடித்தால் அயலவரின் வாளியும் கிணறும் தண்ணீர்ப் பவுசரும்தான்.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. வெள்ளம் வந்தாலும் தீ வந்தாலும், இயந்திரமும் வாகனமும் ஆட்களும் உடனடியாக இருப்பது படைமுகாமில். அவர்கள் வந்து உதவுவதைக் குறை சொல்லவேண்டியதில்லை. உயிர் தப்பினால் போதும் என்று நிற்பவர் சீருடையின் நிறம் பார்க்கமாட்டார். ஆனால் சிவில் சேவைகள் வளராமல் இருப்பதும், பாடசாலைப் புத்தகப்பை முதல் வீடு வரை இராணுவத்தின் கையால் வழங்கப்படுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். மக்கள் தங்கள் வாக்கால் தெரிவுசெய்த சபை பலவீனமாக இருக்கும் வரை, முகாமின் இருப்புக்கு ஒரு நியாயம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சீருடை என்றால் சோதனைச்சாவடியும் சுற்றிவளைப்பும்தான் நினைவுக்கு வரும். தீயணைப்பு வீரரின் சீருடை வேறு. அதோடு துப்பாக்கி வருவதில்லை. அதை அணிபவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பொடியன், எங்கள் மொழி பேசுபவர், எங்கள் வரிப்பணத்தில் சம்பளம் பெறுபவர். அவர் ஒரு முன்பள்ளிக்குப் போய், தலைக்கவசத்தைக் கழற்றிப் பிள்ளைகளின் தலையில் வைத்துக்காட்டினால், அது விளையாட்டு மட்டுமல்ல. அரசு என்பது காப்பாற்றவும் வரும் என்று ஒரு பிள்ளை முதன்முதலாக அறிந்துகொள்ளும் இடமாகவும் அது இருக்கலாம்.

உலகின் பல நகரங்களில் இது தீயணைப்புப் பணியின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 1954 முதல் தீயணைப்பு வீரர்கள் தங்கள் சப்பாத்தைத் தெருவில் நீட்டி, தசைச்சிதைவு நோயாளர்களுக்காகப் பணம் சேர்த்து வருகிறார்கள். 1871 ஒக்டோபரில் சிக்காகோ நகரம் எரிந்ததன் நினைவாக, ஒவ்வொரு ஒக்டோபரிலும் தீத்தடுப்பு வாரம் நடத்துகிறார்கள். பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம், தீயை அணைப்பதோடு தீப்பாதுகாப்பு பற்றி மக்களுக்கு அறிவூட்டுவதையும் தீயணைப்புச் சேவையின் கடமையாக்கியது. இலண்டனில் வாழும் எங்கள் உறவுகளில் சிலரின் வீட்டுக்கதவைத் தீயணைப்பு வீரர்கள் தட்டி, புகை எச்சரிக்கைக் கருவியை இலவசமாகப் பொருத்திவிட்டுப் போயிருப்பார்கள்.

எங்களுக்கும் இது புதிதல்ல. 2002 போர்நிறுத்தத்தின் பின்னரும் 2009இன் பின்னரும் வன்னியில் மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது. பாடசாலைகளிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் படங்களோடு சொல்லிக்கொடுத்தார்கள். ‘தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களுக்குச் சொல்’ என்பது எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனப்பாடமாக இருந்தது. ஒரு சமூகத்துக்கு ஆபத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற அனுபவம் எங்களிடம் இருக்கிறது. அதைத் தீக்கு எடுத்துவைக்க யாரும் முன்வரவில்லை என்பதுதான் குறை. இரண்டும் ஒன்றையொன்று தொடுபவையும்கூட. போர் நடந்த காணிகளில் குப்பைக்குத் தீ மூட்டும்போது, மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் வெடிக்கும் ஆபத்து இன்னும் முற்றாக நீங்கவில்லை.

தெற்கிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களில் ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான, இரு பக்கமும் தட்டையான கண்ணாடிப் போத்தல். திருகி இறுக்கும் மூடி. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 1998இல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. விபத்தை விதி என்று விடாமல், அது எங்கே தொடங்குகிறது என்று ஒருவர் தேடிப் பார்த்ததன் விளைவு அது.

இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆபத்து போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2021 இறுதியில் எரிவாயு வெடிப்புகள் நாடெங்கும் நிகழ்ந்தபோது, அடுப்பைப் பற்றவைக்கவே பெண்கள் பயந்தார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் வீட்டுக்குள் கலன்களில் பெற்றோல் வைத்திருந்தோம். இன்றும் கோடையில் வேலியோரக் குப்பைக்கு வைக்கும் நெருப்பு பனங்காட்டுக்குத் தாவுகிறது. நுளம்பு வலைக்குப் பக்கத்தில் நுளம்புச் சுருள் புகைகிறது. ஒரே செருகியில் ஐந்து கருவிகள் தொங்குகின்றன.

இவற்றுக்கு எதிரான அறிவு விலை கூடியதல்ல. எரிவாயு மணத்தால் மின்சுவிச்சைத் தொடாமல் கதவு யன்னல்களைத் திறக்கவேண்டும். சட்டியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடவேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாமல் நிலத்தில் விழுந்து உருளவேண்டும். சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் குளிர்விக்கவேண்டும்; பற்பசையும் நெய்யும் பூசக்கூடாது. இந்த நான்கையும் ஒரு பாடவேளைக்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம். கணவரைப் போரில் இழந்து, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கூலிக்குப் போகும் தாய்க்கு அந்த ஒரு பாடவேளை மிகப் பெரிய உதவி.

நோயாளர் காவு வண்டிக்கு 1990 என்று இன்று சின்னப்பிள்ளையும் சொல்லும். அந்தச் சேவை வடக்குக்கு வந்தது 2018இல்தான். சில ஆண்டுகளில் ஓர் இலக்கம் மக்கள் மனதில் பதிந்தது, அழைத்தால் வருகிறது என்பதால். தீப்பிடித்தால் எந்த இலக்கத்தை அழுத்துவது? இதை உங்கள் வீட்டில் இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.

2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் உள்ளூராட்சி மன்றங்கள் உறுப்பினர்கள் இன்றி அதிகாரிகளின் கையில் இருந்தன. 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் சபைகளில் அமர்ந்தார்கள். யார் தவிசாளர், யாருடன் யார் கூட்டு என்ற கணக்குகளுக்கு நடுவில் இதையும் அவர்கள் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு சபையும் தனி வண்டி வாங்க முடியாது. அடுத்தடுத்த சபைகள் சேர்ந்து ஒரு பிரிவை நடத்தலாம். இருக்கும் பிரிவுகள் மாதம் ஒரு நாளைப் பாடசாலைக்கும் மாதர் சங்கத்துக்கும் ஒதுக்கலாம். சனசமூக நிலையத்துச் சுவரில் இலக்கத்தை எழுதிவைக்கச் செலவு ஒரு பேணி பெயின்ற்.

புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஊருக்குச் செய்யும் உதவி பெரியது. மண்டபமும் நுழைவாயில் வளைவும் கட்டிக்கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கில் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் தீயணைப்புக் கருவியும், அதைக் கையாளப் பயிற்சியும் கொடுக்கலாம். பெயர்ப்பலகை வைக்க அதில் இடம் குறைவு என்பது உண்மைதான்.

1981இல் யாழ் நூலகம் எரிந்ததையும் 1983இல் கடைகள் எரிந்ததையும் நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எங்களுக்குத் தீ என்றால் யாரோ வைத்தது. அந்த நினைவு, யாரும் வைக்காமலே பற்றும் தீயைப் பார்க்கவிடாமல் செய்துவிடக்கூடாது. எரித்தவர்களிடம் நீதி கேட்பதும், அடுத்தது எரியாமல் காப்பதும் ஒரே மக்கள் செய்யவேண்டிய இரண்டு வேலைகள். இரண்டாவதைத் தொடங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.