ஏரிக்கரைச் சேறும் ஒரு சிறுத்தைக் குட்டியும்

ஏரி தெரியுற மாதிரி வீடு வேணும்னு ரெண்டு மூணு லட்சம் கூடக் கொடுத்து வாங்குறோம். விளம்பரத்துலயும் 'லேக் வியூ'ன்னு பெருசா போட்டிருப்பாங்க. ஆனா அந்தக் கரையில நமக்கு முன்னாடியே குடியிருக்கிறது யார் யாருன்னு கேட்டா, "கொக்கு இருக்கும் சார், அப்புறம் பாம்பு" என்பதோடு நம்ம பொது அறிவு முடிஞ்சுடுது.

என் கட்சி இதுதான். ஏரிக்கரையில் குடியிருக்கிறவன் சேற்றில் பதிந்த காலடித் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது தெரியாதவரை, கரையில் இருக்கும் புதரை வெட்டலாமா வேண்டாமா என்ற பேச்சில் கருத்துச் சொல்ல அவனுக்குத் தகுதி கிடையாது. கொஞ்சம் ஓவராத்தான் இருக்கும். முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் தாண்டி ஒரு மனைப்பிரிவில். அப்பா ரிட்டையர் ஆனபோது கட்டிய வீடு. ஏரி பேர் வேண்டாம், பஞ்சாயத்து வரும். ஒரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு, இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளி 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம். நடுவில் இருக்கும் சின்னச் சின்ன ஏரிகளும் கரைப் புதர்களும்தான் பிராணிகளுக்கு மிச்சமிருக்கிற சந்து பொந்து.

போன மாதம் எங்க குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப் குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போட்டோ வந்தது. ஈரச் சேற்றில் ஒரு காலடி. கீழே, 'சிறுத்தைக் குட்டி, எல்லாரும் ஜாக்கிரதை'. பத்து நிமிஷத்துக்குள் கூண்டு வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று ஒருத்தர், ஜேசிபி வெச்சு கரையை மொத்தமா வழிச்சுடலாம் என்று இன்னொருத்தர், கறியில் மருந்து வைக்கலாம் என்று மூணாவது ஒருத்தர். ஆபீஸில் சர்வர் படுத்தால், லாக் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் ரீஸ்டார்ட் பண்ணுகிற ஆள் ஒருத்தர் எல்லா டீமிலும் இருப்பார் இல்லையா, அவரையே ஒரு சங்கமாக ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

அந்தப் போட்டோவில் என்ன இருந்தது? நாலு விரல். ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் ஒரு சின்னப் புள்ளி, நகம் குத்தியது. பூனை ஜாதி, வீட்டுப் பூனையில் ஆரம்பித்து புலி வரைக்கும், நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நாய் ஜாதியால் அது முடியாது. அதனால் நகம் தெரிந்தால் பெரும்பாலும் நாய், நரி. 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் வழுக்குச் சேற்றில் பூனையும் நகத்தை ஊன்றும். அப்போ உள்ளங்கால் மெத்தையைப் பார்க்கணும். பூனைக்கு மெத்தையின் பின் விளிம்பில் மூன்று மேடு தெரியும், விரல்களும் நேர் வரிசையில் இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நாய்த் தடம் நடுவில் மடித்தால் ரெண்டு பக்கமும் பொருந்தும். நாலு விரலுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஒரு பெருக்கல் குறியைத் தாராளமாகப் போடலாம், கோடு எதன்மேலும் இடிக்காது. பூனைத் தடத்தில் பெரிய மெத்தை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

குழுவில் வந்த போட்டோமேல் நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கு வந்த பதில்: "தம்பி, ஃபாரஸ்ட் டிபார்ட்மென்டா நீங்க?" :-)

நாயா நரியா என்பதுதான் எங்க கரையில் உண்மையான கேள்வி. தெருநாயின் தடம் அகலமாக, விரல் விரிந்து, பாதை அங்கேயும் இங்கேயும் அலைந்து திரியும். அதுக்கென்ன, சோறு எங்கேயோ கிடைக்கும். நரியின் தடம் ஒடுங்கி நீள்வட்டமாக இருக்கும், நடு விரல் ரெண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருக்கும். பாதை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அப்புறம் கழிவு. நரி அதை ஒளிவு மறைவாக வைக்காது. நடைபாதை நடுவில், கல் மேல், நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைக்கும், ஒரு வகையில் அது விசிட்டிங் கார்டு. ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள், கையால் வேண்டாம். எலி முடி, சின்ன எலும்பு, சீசன் என்றால் இலந்தைக் கொட்டை. எங்க கரையில் இலந்தைச் செடியே நரி நட்டதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கழிவு என்று எழுதும்போது ஒரு விஷயம். மாட்டுக்குச் சாணம், யானைக்கு லத்தி, ஆட்டுக்கும் முயலுக்கும் புழுக்கை, கழுதைக்கு விட்டை, பறவைக்கும் பல்லிக்கும் எச்சம். ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை வைத்திருக்கிற பாஷை இது. கீழே கிடப்பதைக் குனிந்து பார்த்து எவனுடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் உண்டாக்கின வார்த்தைகள். மா. கிருஷ்ணன் மாதிரி ஒருத்தர் மயிலாப்பூரில் இருந்துகொண்டு காட்டுயிர் பற்றித் தமிழில் அழகழகாக எழுதினார். நாம எல்லாத்துக்கும் 'டர்ட்டி'ன்னு ஒரே வார்த்தை வெச்சிருக்கோம்.

சரி, மிச்ச ஆட்கள். மொட்டை மாடியில் சப்போட்டாக் கொட்டையும் அத்திப்பழ விதையுமாக ஒரு குவியல் கிடந்தால் மேல் வீட்டுப் பையனைச் சந்தேகப்படாதீர்கள், அது மரநாய். புனுகுப்பூனை தரையில், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து போகும். ரெண்டுக்கும் அஞ்சு விரல், எண்ணினாலே நாயும் பூனையும் கழிந்துவிடும். கீரிக்கும் அஞ்சு விரல்தான், நீளமான நகம், ஆனால் அது பகல் ஷிஃப்ட். காலையில் மண்ணைச் சமன் செய்துவிட்டு சாயங்காலம் பார்த்தால் தெரியும்.

எனக்குப் பிடித்தது முயல். தடத்தைப் பார்த்தால் முன்னால் பெரிய கால் ரெண்டு பக்கம் பக்கமாக, பின்னால் சின்னக் கால் ரெண்டு ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அது பின்பக்கமாக ஓடியதோ என்று தோன்றும். தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டிப் போய் விழுகிறது, அவ்வளவுதான். பாதத்தின் அடியில் முடி இருப்பதால் மெத்தை தெரியாது, மங்கலாக ஒரு அழுத்தம் மட்டும்.

நடுவில் நெளிநெளியாக ஒரு கோடு, ரெண்டு பக்கமும் நகம் விரிந்த காலடி என்றால் உடும்பு. வால் இழுபட்ட கோடு அது. கோட்டை மட்டும் பார்த்துவிட்டு 'இவ்ளோ பெரிய பாம்பு'ன்னு எங்க குழுவில் இதுவரை ரெண்டு தடவை கிளப்பியாச்சு. பாம்புக்கு ஏது காலடி? உடும்பு 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கட்டையால் அடிக்கப் போகிற அண்ணன்கள் அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இதையெல்லாம் பெரிய விஞ்ஞானமாகவும் ஆக்கிவிடக் கூடாது. புலிகளை அதன் காலடித் தடத்தை வைத்து எண்ணுகிற முறை 1960-களில் ஆரம்பித்து நம்ம நாட்டில் பல பத்தாண்டு நடந்தது. ஒவ்வொரு புலியின் தடமும் தனித்தனி, பார்த்தே சொல்லலாம் என்பது நம்பிக்கை. 2004-05-ல் சரிஸ்காவில் ஒரு புலிகூட இல்லை என்று தெரிந்தபோது அந்தக் கணக்கெல்லாம் காகிதக் கணக்கு என்பது அம்பலமானது. 2006 கணக்கெடுப்பிலிருந்து தானியங்கிக் கேமராவுக்கு மாறினார்கள். ஒரே விலங்கின் தடமே இளகிய சேற்றில் பெரிதாகவும் கெட்டி மண்ணில் சிறிதாகவும் விழும். ஆகவே தடம் 'என்ன பிராணி' என்று சொல்லும், 'எத்தனை, எந்த ஆள்' என்று கேட்டால் உளறும். எங்க பிரச்சினைக்கு முதல் கேள்வியே போதும்.

இப்போது எதிர்க்கட்சி. தரைத்தள வீட்டு அக்கா ஒருத்தர் கேட்டார், "உனக்குக் குழந்தை இல்ல தம்பி, நீ பேசுவ. என் பொண்ணு அங்கதான் விளையாடுறா. கண்ணாடி விரியன் வந்தா தடம் பார்த்துக்கிட்டா நிப்ப?" நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் கண்ணாடி விரியன், நாகம் எல்லாம் உண்டு, அதை மறைத்துப் பேச முடியாது. காம்பவுண்டு ஓரத்துப் புல்லை வெட்டுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள், ஓரத்தில் செங்கலும் மரத்துண்டும் குவிக்காதீர்கள். இதில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் இல்லை.

ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதரையும் கோரையையும் ஜேசிபி விட்டு வழித்தால் வளையில் இருக்கும் எலியும் அதன் பின்னால் வாழும் பாம்பும் எங்கே போகும்? ஏரி நடுவிலா போகும்? படியேறி நம்ம வீட்டுக்குத்தான் வரும். தவிர, கரை சங்கத்துக்குச் சொந்தமும் இல்லை, அரசு நிலம்.

பாம்பு ஏன் வருகிறது என்பதையும் அந்தச் சேறே சொல்கிறது. கரையின் கிழக்கு மூலையில்தான் பெருச்சாளித் தடமும் நாய்த் தடமும் குவிந்து கிடக்கின்றன, மிதிபட்டு ஒரு தடத்தையும் பிரிக்க முடியாத அளவுக்கு. ராத்திரியில் கோழிக்கழிவு மூட்டை விழுகிற இடம் அது. நாங்க பயப்படவேண்டிய கூட்டம் உண்மையில் அங்கே தின்று கொழுக்கிற நாய்க் கூட்டம். அதற்கு ஒரு மனுவும் யாரும் எழுதவில்லை.

பாதியில் நின்ற ஒரு கட்டடம் எங்க தெருமுனையில் இருக்கிறது. மாடிப்படி இடுக்கில் கூகை. கீழே வெள்ளையாக எச்சம், கூடவே கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள். அது எச்சம் இல்லை, கூகை விழுங்கிய எலியின் முடியையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகத் துப்பியது. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, உள்ளே இருந்த எலி மண்டையோட்டை ஆரஞ்சுப் பல்லோடு அந்த அக்காவின் பெண்ணிடம் காட்டினேன். அவள் பயப்படவில்லை, ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா என்றாள். எலிக்கு மருந்து வைத்தால், அந்த எலியைத் தின்கிற கூகையும் சேர்ந்து சாகும். சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற ஒரே ஆளையும் துரத்திவிட்டு எலிக்கு யாரை வைப்போம்?

இதை நான் பெரிதாகச் சொல்வதே ஒருவகையில் அபத்தம், ஏனென்றால் இதில் உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் இதே செங்கல்பட்டுப் பக்கம்தான் இருக்கிறார்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடைப்பட்ட பிறகு, இருளர்கள் 1978-ல் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள். வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். நம்ம நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவது பெருமளவு இவர்களை நம்பித்தான். 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. போய் ரெண்டு வாரம் ஆகும் முன்பே பதின்மூன்று மலைப்பாம்பு, அதில் ஒன்று 16 அடி. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பாம்பையே பார்க்காமல், அது போன தடத்தையும் உரித்துப் போட்ட சட்டையையும் பார்த்தே பின்தொடர்கிற பரம்பரை அறிவு அவர்களுடையது.

ஜேசிபிக்கு ஒரு நாள் வாடகை கொடுக்கத் தயாராக இருக்கும் சங்கம், அந்தப் பணத்தில் இப்படி ஒரு பெரியவரை மரியாதையாக அழைத்து, உரிய கூலி கொடுத்து, ஒரு காலை நேரம் கரையைச் சுற்றி நடக்கச் சொல்லிக் கேட்டால் என்ன? இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பொருளாளர் 'பார்க்கலாம்' என்றிருக்கிறார். 'பார்க்கலாம்' என்றால் நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குள் நீங்களே ஆரம்பிக்க நினைத்தால்: தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கும்போது கரையோரம் நல்ல சேறு கிடைக்கும். ஏரி தூரம் என்றால் காம்பவுண்டு ஓரமாக மூன்று அடிக்குச் சலித்த மணலைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, பொழுது சாயும்போது பலகையால் இழுத்துச் சமன் செய்துவிடுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் போகணும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தடம் நிழலோடு எழுந்து நிற்கும், பத்து மணிக்குப் போனால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். நாணயம் இல்லாத போட்டோவில் பூனையும் சிறுத்தைதான். முதல் வாரம் நாய், நாய், மறுபடியும் நாய் என்றுதான் வரும். எனக்குப் பதினோராம் நாள்தான் முயல் வந்தது.