அரை ஈரம் ஆகாது!

தாயில்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டுத் தொட்டியில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். குஞ்சுகளுக்குக் கொடுக்க ஆர்ட்டீமியா முட்டை டப்பா வாங்கினேன். திறந்த புதிதில் மளமளவென்று பொரிந்தது. 2 மாதம் கழித்துப் பாதிகூடப் பொரியவில்லை. மீன் குஞ்சுகள் பட்டினி. டப்பாவில் போட்ட கெடு இன்னும் தாண்டவில்லையே, என்ன காரணம்?"

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விட்ட கதைதான், அம்மா!

ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும் குட்டி இறால். உங்கள் பக்கம் ஓடும் வைப்பாறு போய்க் கடலில் கலக்கிறதே, அந்தத் தூத்துக்குடிச் சீமை உப்பளங்களில் இது உண்டு. அங்கே ஆராய்ச்சியாளர்கள் கண்ட நாட்டு இனத்தில் ஆணே கிடையாது, அத்தனையும் பெண்! தண்ணீர் சுகமாக இருந்தால் குஞ்சாகவே ஈனும். தண்ணீர் வற்றி உப்பு ஏறினால், கெட்டி ஓடு போட்ட முட்டையாக இட்டுவிடும். கஷ்ட காலத்தைப் பிள்ளைகள் தாண்ட வேண்டுமே, அதற்காக!

ஓட்டுக்குள் இருப்பது, சுமார் 4,000 செல்களோடு வளர்ச்சி நின்றுபோன கரு. ஒரு கிராமில் 2 லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும். ஈரம் 2 முதல் 5 சதவிகிதம் என்று நன்றாகக் காய்ந்திருந்தால், ட்ரிஹலோஸ் என்ற சர்க்கரை காவல் நிற்க, வருஷக்கணக்கில் தூங்கும். முழுக்க நனைந்தால் ஒரு நாளில் பொரிந்து நீந்தும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில்தான்! ஈரம் 10 சதவிகிதத்தைத் தாண்டி, காற்றும் பட்டால் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். கையிருப்புச் சக்தியைச் செலவழிக்கும். பொரியவோ தண்ணீர் போதாது. அப்படியே ஓய்ந்துவிடும். பார்வைக்கு மட்டும் அதே பழுப்புத் தூள்!

மருந்தில் ஈரம் ஏறக்கூடாது என்று பட்டாசு ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தரவா வேண்டும்? இதற்கும் அதே ஜாக்கிரதைதான்.

டப்பாவைத் திறந்த அன்றே, ஒரு மாதத்துக்கு ஆகிற அளவாகச் சின்னச் சின்னப் பாட்டில்களில் பிரித்து நிரப்புங்கள். பாட்டில் எலும்பாகக் காய்ந்திருக்கட்டும். இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வேண்டும்போது ஒரு பாட்டிலை மட்டும் வெளியே எடுத்து, குளிர் முழுக்க விட்ட பிறகே திறக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே வியர்த்துவிடும். அநேகமாக உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஈரம் ஏறியதை வற்றல் மாதிரி மொட்டை மாடி வெயிலில் போடாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. நிழலில், காற்றோட்டமாக, மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். போன சக்தி திரும்பாது, மிச்சமாவது தங்கும்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் பெண்களுக்கு 60 சதவிகித மானியம் வைத்தார்கள். மானியத்தில் தொட்டி வரும். குஞ்சு பிழைப்பது நம் கைப் பக்குவத்தில்!

ஒன்று மறவாதீர்கள். விதை நெல்லை முளை கட்டிப் பார்ப்பதுபோல இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை முட்டை, நல்ல வெளிச்சம், விடாமல் காற்றுக் குமிழி. மறுநாள் ஆரஞ்சு நிறப் பொடிகள் நீந்துகின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனை மீனை ஜோடி சேர்ப்பதற்கு முன்பே நடக்கட்டும். முட்டை மோசமென்று தெரிந்தால் வேறு வாங்க அவகாசம் இருக்கும். குஞ்சு நீந்திய பிறகு கடைக்கு ஓடினால், நாம் திரும்பி வரும்வரை பசி காத்திருக்குமா?